முக்கால் வட்டம்

ஊசியில் நூல் கோக்கவில்லை. முனவ்வர் பேகம் மிதியை அழுத்தியதும் மெஷின் தடதடவென்று ஓடி, தாளில் வெறும் ஓட்டைகளைப் போட்டுக்கொண்டு போனது. தாளில் பேனாவால் கிழித்த கோடுகள் இருந்தன. முதல் நாலு கோடு நேராக, அடுத்த நாலு பல் பல்லாக மூலை திரும்பி, கடைசியில் நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள். ஓட்டை கோட்டின்மேல் விழ வேண்டும். நேர்க்கோட்டில் ஓரளவு விழுந்தது. மூன்றாவது மூலையில் ஊசி கோட்டை விட்டு வெளியே போய், தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டது.

"நிறுத்துங்க ஆபா, நிறுத்துங்க. எங்க போறீங்க, பேரணாம்பட்டு பஸ்ஸ புடிக்கவா?" என்றாள் எழிலரசி. அந்தத் தையல் லைனில் எல்லோரும் முனவ்வரை ஆபா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள்.

பக்கத்து மெஷினில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்த உமைமா வாயில் சோற்றோடு சிரித்தாள். முனவ்வர் சிரிக்கவில்லை. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. இருபது வருஷம் பேரணாம்பட்டில் பீடி சுற்றிய கை. சுற்றுகிற பழக்கத்தில் தாளின் ஓரத்தை விரல் நுனியால் மடித்து மடித்துப் பிடித்தாள். பிடிக்கிற இடத்தில் தாள் வளைந்தது, ஊசி விலகியது. ஷூ கம்பெனிக்கு வந்து அன்று ஐந்தாவது நாள்.

"நுனி விரல வெக்காதீங்க. கைய தட்டையா வெச்சு தள்ளுங்க, சப்பாத்தி மாவு தள்ற மாதிரி. மூல வந்தா ஊசிய மேல தூக்கக் கூடாது. ஊசி தாள்ல எறங்கியே இருக்கணும். முட்டியால, தாள அழுத்திப் புடிக்கற ரோலர மட்டும் தூக்கிட்டு தாள திருப்பணும்."

"ஊசி மேல இருக்குதா கீழ இருக்குதான்னு எப்பிடி தெரியும்?"

"சத்தத்துல தெரியும்."

"யா அல்லா. மணி முடிஞ்சா நாப்பது மெஷின் கத்தும். அதுல எது என்னோட சத்தம்?"

எழிலரசிக்கே அது இரண்டாவது வருஷத்தில்தான் பிடிபட்டது. ஒருநாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், மற்ற முப்பத்தொன்பது மெஷினும் தூரத்தில் போய்விட்ட மாதிரியும், தன் மெஷின் மட்டும் காதுக்குள் ஓடுகிற மாதிரியும் இருந்தது. அன்றிலிருந்து ஊசி முனை மழுங்கினால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதில் தெரிந்துவிடும்.

"வரும் ஆபா," என்றாள். "இன்னொரு தாள் போடுங்க."

சாப்பாட்டு மணி அரை மணி நேரம். அதில் இருபது நிமிஷம் இதற்கே போய்விட்டது. மீதிப் பத்து நிமிஷத்தில் நின்றுகொண்டே புளிச்சோற்றை விழுங்கினாள். கற்றுக்கொடுக்கிறாள் என்பதற்காக அவளுக்கு எண்ணிக்கை குறைக்கப்படவில்லை. ஒரு மணி நேரத்தில் எல்லோரும் தைக்கிற அளவு அவளும் தைத்துத் தள்ள வேண்டும்.

லைனின் முனையில், செக்கிங் டேபிளுக்கு மேலே, அந்தப் போர்டு தொங்கியது. இடது பக்கம் பெயர்கள், மேலே வேலைகள். ஒவ்வொரு கட்டத்திலும் நாலு துண்டாகப் பிரித்த ஒரு வட்டம், கருப்பு ஸ்டிக்கர். கால் பங்கு கருப்பு என்றால் ஆள் கற்றுக்கொண்டிருக்கிறாள். அரை என்றால், பக்கத்தில் ஒருத்தர் நின்றால் செய்வாள். முக்கால் என்றால் தனியாகவே செய்வாள். வட்டம் முழுக்கக் கருப்பாக இருந்தால் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுக்கத் தகுந்தவள். போர்டின் அடியில் இதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

ஷூவின் முன்பக்கத்தில் இரட்டைத் தையல் போடுவதுதான் அந்த லைனில் கஷ்டமான வேலை. இரண்டு வரிசைத் தையல், நடுவில் ஒரு நெல் கனம் கூட இல்லாத இடைவெளி, அந்த இடைவெளி வளைவில்கூட மாறக் கூடாது. துணியாக இருந்தால் தப்பானதைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் இறங்கியதுதான். நூலைப் பிரித்தாலும் ஓட்டை போகாது, அந்தத் துண்டு குப்பைக்குத்தான். அந்தக் கட்டத்தில் எழிலரசிக்கு முக்கால் வட்டம். அவள் கற்றுக்கொடுத்து மேலே வந்தவர்களில் இரண்டு பேருக்கு இப்போது அடுத்த லைனில் முழு வட்டம்.

அவள் அந்தக் கம்பெனிக்கு வந்து ஆறு வருஷம் ஆகப்போகிறது. கம்பெனிக் கணக்கில் பத்து மாசம். ஒவ்வொரு பதினோராவது மாசமும் 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டும். பதினோராம் நாள் திரும்பி வந்தால் புது டோக்கன் நம்பர், போர்டின் கடைசி வரியில் பெயர், கால் வட்டம், ஐடி கார்டில் 'ட்ரெய்னி'. இது ஆறாவது டோக்கன். ஸ்கூலில் அம்மா என்ன வேலை என்று எழுதி வரச் சொன்னபோது, ஐந்தாவது படிக்கிற மகள் ஐடி கார்டைப் பார்த்து 'ட்ரெய்னி' என்று எழிலரசியின் எதிரிலேயே எழுதினாள். "நீ எப்பம்மா பாஸ் பண்ணுவ?" என்றும் கேட்டாள்.

இந்த முறை பாஸ் பண்ண ஒரு வழி வந்திருந்தது. ஹெச்.ஆர். சூரியபிரகாஷ் மூன்று மாசத்துக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான். "எழிலரசி, மூணு மாசம் ஒரு பீஸ் கூட ரிஜெக்ட் வராம தெச்சு காட்டு. முழு வட்டம் போடறேன். முழு வட்டம் வந்துட்டா கையெழுத்து, பத்து நாளு, அதெல்லாம் கெடையாது. நேரா பர்மனென்ட்." அவன் சொன்ன மூன்று மாசம் முந்தின வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை. மாசக் கடைசியில் பதினோரு மாசமும் முடியப்போகிறது.

புதன்கிழமை பையர், ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், வருகிறார்கள் என்றார்கள். செவ்வாய்க்கிழமை கக்கூஸில் சோப்பு வந்தது. குடிக்கிற தண்ணீர் டிரம்முக்கு மூடி வந்தது. புதன் காலை எழிலரசி பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வந்தபோது போர்டையும் துடைத்திருந்தார்கள். அவள் பெயருக்கு நேரே, இரட்டைத் தையல் கட்டத்தில், வட்டம் முழுக்கக் கருப்பாக இருந்தது.

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள். புது ஸ்டிக்கர், ஓரம் கூட உரியவில்லை.

"ஸ்வீட்டு எங்க?" என்று பின்னாலிருந்து உமைமா இடுப்பில் கிள்ளினாள். "ஆம்பூர்ல பிரியாணி, இல்லன்னா உன் தோஸ்த்து நான் இல்ல."

"இரு, வாங்கித் தரேன். மொதல்ல கையில லெட்டர் வரட்டும்."

"லெட்டர் வரும்போது மட்டன். இன்னிக்கு சிக்கன்."

பதினொரு மணிக்குப் பையர் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண், கூட இரண்டு பேர், முன்னால் சூரியபிரகாஷ். அந்தப் பெண் போர்டைப் படித்துவிட்டு நேராக எழிலரசியின் மெஷினுக்கு வந்தாள். எழிலரசி அப்போது முனவ்வரின் தோளுக்குப் பின்னால் நின்று, அவள் புறங்கையின்மேல் தன் கையை வைத்துச் சுருள் கோட்டில் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்படி நிற்கும்படி சூப்பர்வைசர் ஷபீ அஹமது சொல்லியிருந்தார். அந்தப் பெண் தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஓட்டைகள் வழியாக வெளிச்சம் வந்தது. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் நாள் தாளைக் கேட்டாள். ஷபீ கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். கூட வந்தவன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் எழிலரசியைப் பார்த்து ஏதோ கேட்டாள். சூரியபிரகாஷ் குனிந்து, சிரித்த முகம் மாறாமல், தமிழில் சொன்னான்:

"இந்த வேலைய முழுசா கத்துக்க எவ்ளோ நாள் ஆச்சுன்னு கேக்கறாங்க. பத்து மாசம்னு சொல்லு."

எழிலரசி அவனைப் பார்த்தாள். பிறகு போர்டைப் பார்த்தாள். கருப்பு வட்டம் அங்கேயே இருந்தது.

"பத்து மாசம்," என்றாள். இங்கிலீஷிலும் சொன்னாள். "டென் மந்த்ஸ், மேடம்."

அந்தப் பெண் கை தட்டினாள். மற்ற இரண்டு பேரும் தட்டினார்கள். என்ன நடக்கிறதென்று தெரியாமல் முனவ்வரும் தட்டினாள். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் எழிலரசி அரை கிலோ மைசூர்பாக் வாங்கினாள்.

வியாழக்கிழமை காலை வட்டத்தில் கால் பங்கு வெள்ளையாக இருந்தது. கருப்பு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதில் பஞ்சுத் தூசி அடைந்திருந்தது.

சூரியபிரகாஷின் அறையில் ஏ.சி. ஓடியது. அவன் உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை.

"வட்டம் இன்னா ஆச்சு சார்?"

"எந்த வட்டம்? ஓ, அதுவா. அது விசிட்டுக்கும்மா. ஒரு லைனுக்கு ரெண்டு ஃபுல் காட்டணும். நம்ம லைன்ல ஒண்ணு கம்மியா இருந்துது."

"மூணு மாசம் ரிஜெக்ட் இல்லாம தெச்சா போடறேன்னு சொன்னீங்க. தெச்சிட்டேன்."

"சொன்னேன், இல்லங்கல. மேலயும் அனுப்பினேன். ஆனா நேத்து அந்தம்மா கேட்டப்ப நீயே இன்னா சொன்ன? பத்து மாசம்னு சொன்ன. அவங்க எழுதிக்கினாங்க. பத்து மாச சர்வீஸ்காரிய எந்த கம்பெனி பர்மனென்ட் பண்ணும், நீயே சொல்லு."

"நீங்கதான சார் அப்பிடி சொல்ல சொன்னீங்க?"

"நான் சொன்னதுக்கு இன்னா இருக்குது? நீ சொன்னதுக்கு வீடியோ இருக்குது." அவன் குரலை உயர்த்தவே இல்லை. டிராயரைத் திறந்து ஒரு சாக்லெட்டை எடுத்து மேஜையில் அவள் பக்கமாகத் தள்ளினான். பையர் கொடுத்துவிட்டுப் போனது. "அடுத்த தடவ கண்டிப்பா பாக்கலாம். ஒன்ன மாதிரி கை கெடைக்குமா? ஒன்ன விட்டுருவமா நாங்க?"

சாக்லெட்டை அங்கேயே விட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள். தைக்க உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் எண்ணிக்கை முடித்தாள், ஒரு தையல் விலகவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. முனவ்வர் தாளைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். எழிலரசி எழுந்து வரவில்லை. டிபனைத் திறந்து, உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிட்டாள். ஷபீ அஹமது வந்தார்.

"இன்னாம்மா, ஆபாவுக்கு சொல்லிக் குடுக்கலியா?"

"எனக்கு முக்கால் வட்டம் சார். முழு வட்டம் இருக்கறவங்கதான் சொல்லிக் குடுக்கணும். கீழ எழுதி ஒட்டி இருக்குது பாருங்க."

"ஏம்மா பேஜார் பண்ற? எனக்கு இன்னா அதிகாரம் இருக்குது?"

"ஒங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. போர்டுக்குதான் இருக்குது. போர்டையே சொல்லிக் குடுக்க சொல்லுங்க."

உமைமா டிபன் மூடியால் வாயை மறைத்துக்கொண்டாள். ஷபீ போர்டை ஒரு தடவை பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. முனவ்வர் தனியாகத் தாள் தைத்தாள். மூலைகளில் ஊசி மேலே வந்துகொண்டேயிருந்தது. திங்கட்கிழமை கன்டெய்னர் அனுப்புகிற அவசரம். ஆள் போதவில்லை. ஷபீ முனவ்வரின் ஊசியில் நூலைக் கோத்து, முன்னால் ஒரு கூடை நிஜத் தோலை வைத்தார். "மெதுவா போடுங்க. ஒத்தத் தையல்தான்," என்றார்.

எழிலரசி தன் மெஷினிலிருந்தே அதைக் கேட்டாள். நாற்பது சத்தத்துக்கு நடுவில் முனவ்வரின் மெஷின் தனியாகக் கேட்டது. மூலைக்கு முன்னால் தயங்கி, நின்று, ஊசி மேலே போகிற சத்தம். அவள் திரும்பவில்லை. மறுபடி அதே சத்தம். மறுபடியும்.

செக்கிங் டேபிளிலிருந்து ஏழு துண்டு திரும்பி வந்தன. பழுப்புத் தோல், ஒவ்வொன்றின் மூலையிலும் தப்பான இடத்தில் ஓட்டை. லைன் முழுக்கக் கேட்கும்படி ஷபீ கத்தினார். அந்த வாரத்துக்குள் கை திருந்தாவிட்டால் வர வேண்டாம் என்றார். முனவ்வர் ஏழு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, நகத்தால் ஓட்டைகளைத் தேய்த்தாள். தேய்த்தால் மூடிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு எழுந்து நேராக எழிலரசியிடம் வந்தாள்.

"உன் கோவம் யார் மேல?"

எழிலரசி அடுத்த துண்டை எடுத்து ரோலரின் கீழே வைத்தாள்.

"சொல்லு மா. ஆபீஸ்ல ஏ.சி. போட்டுக்கினு உக்காந்திருக்கானே, அவன் மேலயா? அவன் நல்லாதான் இருக்கான். காலைல டீ குடிச்சான், பாத்தேன். வீட்டுல எங்க ஆளு டயாலிசிஸ்ல கெடக்கறாரு. பீடில வந்தது ஊசி மருந்துக்கே பத்தல. நான் இங்கருந்து போனா அவனுக்கு இன்னா? நாளைக்கு வேற ஒரு பேகம் வருவா, வேற ஒரு எழிலு வருவா."

அவள் அழவில்லை. சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அன்று சாப்பாட்டு மணியில் எழிலரசி டிபனைத் திறக்கவில்லை. முனவ்வரின் பின்னால் போய் நின்றாள். ஊசியிலிருந்து நூலை உருவினாள். முனவ்வர் எடுத்த தாளை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"கண்ண மூடுங்க."

"இன்னாது?"

"மூடுங்க ஆபா. தாளு வேணாம். மெஷின மட்டும் ஓட்டுங்க, நிறுத்துங்க. ஓட்டுங்க, நிறுத்துங்க. ஊசி எங்க இருக்குதுன்னு சொல்லுங்க."

"மேல."

"இல்ல."

"கீழ."

"இல்ல. சும்மா சொல்லாதீங்க, கேட்டு சொல்லுங்க."

புளிச்சோறு அன்று வீட்டுக்குத் திரும்பிப் போனது. அடுத்த நாளும் போனது. புதன்கிழமை முனவ்வர் பத்துக்கு ஆறு சரியாகச் சொன்னாள். சனிக்கிழமை பத்துக்குப் பத்தும் சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமலேயே, "இது என்னோட சத்தம்," என்றாள். ஷபீ தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை. திங்கட்கிழமை போர்டில் முனவ்வர் பேகத்துக்கு அரை வட்டம் ஏறியிருந்தது.

மாசக் கடைசியில் எழிலரசியைக் கூப்பிட்டார்கள். தாள் தயாராக இருந்தது. சொந்தக் காரணங்களுக்காக. அவள் அதை முழுக்கப் படித்தாள். போன ஐந்து தடவையும் படித்ததில்லை.

"என்ன சொந்தக் காரணம்னு எழுதலியே சார்," என்றாள்.

"அதெல்லாம் தேவையில்ல," என்றான் சூரியபிரகாஷ். "போடு, பஸ்ஸுக்கு நேரமாவுது."

கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் பதினோராம் நாள் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டான். போன வருஷம் ஒருத்தி போடவில்லை. அவள் இப்போது வேலூர் லாங் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துப் போடுகிறாள்.

பத்து நாள் கழித்து ஏழாவது டோக்கனோடு திரும்பி வந்தாள். போர்டின் கடைசி வரியில் பெயர், கால் வட்டம். அவளுடைய பழைய மெஷினில் முனவ்வர் உட்கார்ந்திருந்தாள். எழிலரசியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். எழிலரசி கையால் உட்காரச் சொன்னாள்.

ஷபீ அஹமது அவளை ஓரத்து மெஷினுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மெஷினில் நூல் இல்லை. ஒரு தாளை எடுத்து வைத்தார். நேர்க்கோடு நாலு, பல்கோடு நாலு, ஒரு சுருள்.

"இன்னா சார் இது?"

"புது ரூலும்மா. அன்னிக்கு வந்தாளே, அந்த வெள்ளைக்காரி, அவளுக்கு இந்தத் தாளு புடிச்சிப் போச்சு. எல்லா ட்ரெய்னிக்கும் மொத நாள் தாளு ஃபைல்ல இருக்கணுமாம்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ரெண்டு நிமிஷம். போட்டுட்டு எழுந்துக்கோ."

எழிலரசி உட்கார்ந்தாள். மிதியில் கால் வைத்தாள். நேர்க்கோடுகள் ஓடின, மூலைகள் திரும்பின, சுருள் உள்ளே போய் நடுப்புள்ளியில் நின்றது. தாளை உருவிக் கொடுத்தாள். ஷபீ அதைத் தூக்கிப் பார்த்தார். கோடு எங்கே, ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. அவர் ஃபாரத்தை எடுத்தார். 'நாள் 1. கோடு விலகல்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அதன்மேல் நின்றது.

"சைபர் போட முடியாதும்மா."

"ஏன்?"

"மொத நாளே சைபர்னா ஆடிட்ல கேப்பாங்க, புது ஆளு எப்பிடின்னு. நீயே ரெண்டு மூணு எடத்துல வெளிய போயிடு. மூலைல போதும்."

அவள் தாளை வாங்கி மறுபடி ரோலரின் கீழே வைத்தாள். முதல் மூலை. தாளை ஒரு நூல் அளவு இடப்பக்கம் நகர்த்தினாள். காலை அழுத்துவதற்குள் கை தானாகத் தாளைக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. மறுபடி நகர்த்தினாள். மறுபடி கொண்டுவந்துவிட்டது. ஓட்டை விழுந்த இடத்திலேயே ஊசி இறங்கியது.

"எனக்கு வரல சார்," என்றாள்.

ஷபீ அஹமது தாளை உருவி மேஜைமேல் விரித்து, தோல் குத்துகிற குத்தூசியை எடுத்தார். சூப்பர்வைசர் ஆவதற்கு முன் பதினெட்டு வருஷம் மெஷினில் உட்கார்ந்தவர் அவர். புதிதாக வந்தவளுக்கு எந்த மூலையில் ஊசி மேலே வரும், அடுத்த ஓட்டை எவ்வளவு தள்ளி விழும், பயந்துபோய்த் திரும்புகிறபோது எந்தப் பக்கம் வளையும் என்று அவருக்குத் தெரியும். குனிந்து, நிதானமாக, அவளுடைய கோட்டை ஒட்டி ஒவ்வொன்றாகக் குத்தினார். பதினோரு ஓட்டை. கட்டத்தில் 11 என்று எழுதினார். பெயர், டோக்கன் நம்பர், தேதி எழுதினார். வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பிடித்துச் சரி பார்த்தார்.

"கீழ கையெழுத்து போடும்மா," என்று பேனாவை நீட்டினார்.